ராசாத்தியைக் காணவில்லை

"ராசாத்தி... எம்மா ராசாத்தி... எங்கம்மா போயிட்ட?"

குன்னத்துக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு நின்ற மக்காச்சோளக் காட்டுக்குள் குரல் கேட்டதும் பக்கத்துத் தெரு திருமுருகன் பைக்கை நிறுத்தினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர் பிச்சைமுத்து. இந்த வயதில் எந்த ராசாத்தியைத் தேடுகிறார் என்று கேட்க அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டான்.

"எங்க வூட்டுப் பூனைப்பா. ஞாயித்துக்கெழமையிலேருந்து காணோம்."

"ஒரு பூனைக்கா மாமா கண்ணு கலங்குறீங்க? ஒங்களுக்கு எவ்ளோ பெரிய மனசு."

கண்ணில் விழுந்தது சோளத்தூசி. ஆனால் பிச்சைமுத்து மறுக்கவில்லை. பெரிய மனசு என்று ஊரில் ஒருத்தன் சொல்வதே அபூர்வம், அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? உண்மையில் அந்தப் பூனையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அது அவர் மனைவி சிந்தாமணியின் செல்லம். இவருக்கு வேண்டியிருந்தது பூனை அல்ல, அது பார்த்துவந்த வேலை.

மகள் பிரவீணாவின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் போட மறந்த புண்ணியவான் இவர். சிந்தாமணியின் கூடப்பிறந்த ஒரே தம்பி அவன். அன்றைக்கு நின்றது புருஷன் பொண்டாட்டி பேச்சு. மகளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. முதலில் யார் வாய் திறப்பது என்ற கௌரவப் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை.

நடுவில் பூனை இருந்ததால் குடித்தனம் ஓடியது. "ராசாத்தி, ரசம் ஆறிப்போவுது, சாப்புடுறவங்கள வரச் சொல்லு" என்பாள் சிந்தாமணி. "கரண்ட் பில்லு கட்டியாச்சு ராசாத்தி, சும்மா சும்மா கேக்க வேணாம்னு சொல்லு" என்பார் இவர். பூனை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் காலை நக்கிக்கொள்ளும்.

இப்போது வீட்டில் மிக்சி சத்தம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து வந்த பிரவீணா, மூடிபோட்ட கூடையில் சின்ன வெங்காயத்தை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். அதோடு சரி, பிறகு அந்த வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை.

சிந்தாமணியோ பூனையைத் தேடவும் இல்லை, அழவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தாள், எடுத்தாள், போனாள். துக்கம் உள்ளுக்குள்ளேயே இறுகிப்போய்விட்டது என்று இவராக முடிவு கட்டிக்கொண்டார். அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அன்று காட்டிலிருந்து திரும்பியபோது அடுப்பே பற்றவைக்கவில்லை. பட்டப்பகலில் சிந்தாமணி தலையோடு போர்த்திப் படுத்திருந்தாள்.

'ராசாத்தி, ஒடம்புக்கு என்னன்னு கேளு' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கத்தான் ராசாத்தி இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவிய தொண்டை, கட்டின பொண்டாட்டியின் பெயரைச் சொல்ல அந்தப் பாடு பட்டது.

"சிந்தாமணி... ஒடம்புக்கு என்ன செய்யுது?"

போர்வையை விலக்கிக்கொண்டு சிந்தாமணி எழுந்து உட்கார்ந்தாள்.

"லேசா தலவலி. மூஞ்சி கழுவிட்டு வாங்க, காபி போடுறேன்" என்றாள், நேராக அவரைப் பார்த்து.

பிச்சைமுத்துவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கௌரவம் போனால் போகிறது. பாவம், தம்பி பேரை எண்ணி எண்ணி எத்தனை வருசம் வாயை மூடிக்கொண்டு கிடந்தாளோ. பூனை தொலைந்ததும் நல்லதற்குத்தான், இனி எந்தப் பிராணியின் தயவும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனவர், துண்டை மறந்து திரும்பி வந்தார்.

அடுப்படியில் சிந்தாமணி, தலைவலி போன இடம் தெரியாமல், போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பிரவீணா, ஒங்கப்பாதான் மொதல்ல பேசுனாரு. பூனையக் கொண்டாந்து வுட்டுடு."