ஐந்தாவது கை

முப்பத்தாறாவது நிமிடத்தில் நான்காவது கை உயர்ந்தது.

எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். படம் ஓடும்போது ஐந்து கைகள் உயர்ந்துவிட்டால் தாலாய் அண்ணன் மடிக்கணினியை நிறுத்திவிடுவார். மேல்முறையீடு கிடையாது.

நாரின் பல்கலைக்கழகத் திரைப்படச் சங்கம், உறுப்பினர்கள் பதினொரு பேர், சனிக்கிழமை மதியங்களில் புவியியல் துறையின் பெரிய வகுப்பறையில் கூடும். அங்கே சுவர் வெள்ளையாக இருக்கும், வெப்பக்குழாய் சூடாக இருக்கும். பாதிப் பேர் இரண்டாவது காரணத்துக்காக வருகிறவர்கள்.

படம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பருவத்துக்கு ஒரு முறைதான் வரும். அன்று என் முறை. நான் கொண்டுவந்தது ஒரு துருக்கிக் காதல் படம். இஸ்தான்புல்லில் ஒரு பணக்காரன், ஒரு பூக்காரி, நடுவில் மழை.

போன வாரம் ஓடிய படத்தில் ஒருவர் இரண்டே முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைகூட எழவில்லை. புரியாத படத்துக்குக் கை தூக்குவது அறியாமை. புரிகிற படத்துக்குக் கை தூக்குவது ரசனை.

எனக்கு வேண்டியது நாற்பத்தொன்றாவது நிமிடம். அதுவரை ஓடினால் போதும்.

மிச்சம் இருந்தவர்களில் நால்வர் வெப்பக்குழாயோரம் தூங்கினார்கள். எங்கள் சங்கத்தில் தூக்கம் எதிர்ப்பாகக் கணக்கில் வராது. ஆபத்து என் பக்கத்து நாற்காலியில் இருந்தது.

"டேய் எர்மெக்," என்றாள் பெர்மெட். "இதை முன்னாடியே பாத்துட்டுத்தான் கொண்டுவந்தியா, இல்ல போஸ்டரைப் பாத்து ஏமாந்தியா?"

"ஏழு தடவ பாத்திருக்கேன். போன்ல."

விழித்திருந்த வகுப்பறை மொத்தமும் சிரித்தது.

"ஏழு தடவையா! சரி, இதுல நல்லதா ஒண்ணே ஒண்ணு சொல்லு, கை தூக்காம இருக்கேன்."

நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். "நல்லதுன்னு எதுவும் இல்ல. குறைன்னா ஒண்ணு இருக்கு. கதாநாயகி ரொம்ப உயரம்."

"இதெல்லாம் ஒரு விமர்சனமாடா?"

"நாலு விரல் குள்ளமா ஒருத்தியைப் போட்டிருந்தா இந்தப் படம் எங்கயோ போயிருக்கும்."

முப்பத்தொன்பதாவது நிமிடம். பூக்காரி ஏதோ ஒரு கடிதத்தைக் கிழித்தாள். பெர்மெட்டின் வலது கை மடியிலிருந்து கிளம்பியது.

நான் பையைத் திறந்தேன். காலையில் சித்தி பொரித்துத் தந்த போர்சோக், எண்ணெய் மினுங்கும் ரொட்டித் துண்டுகள். நீட்டிய ரொட்டியை எங்கள் ஊரில் யாரும் மறுப்பதில்லை. வாங்கினால் இரண்டு கையாலும் வாங்குவார்கள். பெர்மெட் வாங்கினாள். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவது துண்டில் அவள் உள்ளங்கைகள் இரண்டும் நிறைந்து, கோபுரம்போல ஆயின.

"போதும்டா, விழுது!"

"கையை அசைக்காதே. ரொட்டி தரையில விழுந்தா பாவம்."

நாற்பது.

நாற்பத்தொன்று.

படகுத்துறை வந்தது. பணக்காரன் ஓடிவந்தான். கதாநாயகி திரும்பினாள். வயலின்கள் அழத் தொடங்கின. அவளுக்குப் பின்னால் படகிலிருந்து கூட்டம் இறங்கியது. வலது ஓரத்தில் பழுப்புத் தலைக்குட்டை கட்டிய ஒரு பெண், கைக்கு ஒரு பையாக இரண்டு பைகளோடு, நாலு எட்டு நடந்தாள்.

ஐந்தாவது எட்டில் கதாநாயகியின் தலை வந்து மறைத்தது.

அதைச் சுற்றி எட்டிப் பார்க்க முடியும் என்பதுபோல என் கழுத்து தானாக வளைந்தது. எட்டாவது முறையாக.

காட்சி மாறியது. பணக்காரன் வீடு.

நான் கை தூக்கினேன்.

தாலாய் அண்ணன் என்னைப் பார்த்தார், எண்ணிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "உன் படம்டா இது!"

"பாத்தாச்சு அண்ணே."

அவர் நிறுத்தினார். சுவர் வெறும் சுவரானது. அடுத்து என்ன போடலாம் என்று கை தூக்கிய நால்வரும் சண்டையைத் தொடங்கினார்கள்.

பெர்மெட் அதில் சேரவில்லை. போர்சோக் கோபுரத்தை ஏந்தியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பை வச்சிருந்தாங்களே," என்றாள் மெதுவாக. "அவங்க யாரு?"

"அம்மா."

ஆறு வருடமாக இஸ்தான்புல்லில் யாரோ ஒருவரின் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஒவ்வொரு வருடமும் அடுத்த வசந்தத்தில் வருகிறாள். அவளுடைய போனில் கேமரா வேலை செய்யாது. குரல் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் சிரித்தது. படம் எடுக்கிறார்களாம், இவளைப் படகிலிருந்து மூன்று தடவை இறங்கவைத்தார்களாம்.

என் போன் திரையில் அவள் ஒரு அரிசிமணி. சுவரில் கிட்டத்தட்ட என் உயரம்.

பெர்மெட் ஒன்பது போர்சோக்கையும் என் மடியில் கொட்டினாள்.

"தாலாய் அண்ணே, ஒரு நிமிஷம் பின்னாடி ஓட்டுங்க."

"அஞ்சு கை எழுந்தாச்சும்மா. சட்டம்னு ஒண்ணு இருக்கு."

"ஓட்டுங்கண்ணே."

அவள் அப்படிச் சொன்னால் தாலாய் அண்ணன் மட்டுமில்லை, துறைத்தலைவரும் ஓட்டுவார்.

மறுபடி படகுத்துறை. மறுபடி வயலின்கள். பழுப்புத் தலைக்குட்டை, இரண்டு பைகள், நாலு எட்டு. பெர்மெட்டின் கழுத்து மெல்ல வலப்பக்கம் வளைந்தது.

"ஆமாடா," என்றாள். "ரொம்பத்தான் உயரம்."