வகரத்துக்குப் பகரம்

சுப்ரமணியன் சாமைக் கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மணி உதிர வேண்டிய இடத்தில் கறுப்புத் தூள் உதிர்ந்தது.

"கரிப்பூட்டை நோய், ஸ்ரீகண்டா. நோயே இல்லைன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த விதை. இதை விதைச்சா விவசாயி கரியைத்தான் அறுப்பான்."

"யாரு சார் பார்க்கப் போறாங்க? விட்டுடுங்களேன்."

"நான் பார்த்துட்டேனேப்பா. திங்கக்கிழமை மீட்டிங்ல மேடம்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்புறம் உன் வேலை இருக்கா, இல்லையான்னு அவங்க பாடு."

இருவருக்கும் பொம்மசந்திராவில் ஒரே விதைக் கம்பெனியில் வேலை. விவேக் நகரில் கம்பெனி கொடுத்த ஒரே ஃபிளாட்டில் வாசம். கம்பெனியின் தலைவி குளோரியா மேடத்துக்குக் குடிகாரர்களைக் கண்டால் ஆகாது. போன வருஷம் தள்ளாடிக்கொண்டு வந்த ஒரு டிரைவரை நின்ற இடத்திலேயே வேலையை விட்டுத் தூக்கினார். பாவம், அவனுக்கு ஜுரம்.

அந்த டிரைவரை நினைத்தபோதுதான் ஸ்ரீகண்டனுக்கு வழி பிறந்தது.

ஒருவகைப் பூஞ்சணம் பிடித்த வரகைச் சாப்பிட்டால் தலை சுற்றும், கை நடுங்கும், நாக்குக் குழறும். பார்ப்பவர்கள் குடி என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட வரகு ஆராய்ச்சிக்கென்று ஆய்வகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. சுப்ரமணியனோ சர்க்கரைக்காரர். தினமும் காலையில் வரகுப் பொங்கல்தான் சாப்பிடுவார். குடித்துவிட்டு வந்து உளறுகிறவர் சொல்லும் கரிப்பூட்டையை யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வரகு டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு, ஆய்வக வரகை நிரப்பினான். பக்கத்தில் தனக்கென்று ஒரு டப்பா பனிவரகு வாங்கி வைத்தான். தானும் சிறுதானியம் சாப்பிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

சமையல்கார முத்தம்மா தமிழ்க்காரி. கல் பொறுக்கும்போதே பூஞ்சணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். மகள் வீட்டுக்குப் போய்விட்டு வரும்படி அவளுக்கு லீவு கொடுத்து, பதிலுக்கு ஜயம்மாவைப் பிடித்தான். நாலு வீட்டில் வேலை செய்கிற அவசரக்காரி. தமிழ் அரைகுறை. பின்னால் யாராவது விசாரித்தாலும் அவளால் கோவையாகச் சொல்ல முடியாது.

"அவகிட்ட எப்படிப்பா பேசுவே? உனக்குத்தான் கன்னடம் வராதே" என்றார் சுப்ரமணியன்.

"அது என்ன சார் பெரிய பாஷை? நம்ம வகரத்துக்குப் பகரம் போட்டா கன்னடம். வான்னா பா. வேணும்னா பேக்கு. வேண்டாம்னா பேடா. முடிஞ்சுது."

திங்கட்கிழமை காலை ஜயம்மா வந்தாள். டப்பாவைத் தொட்டுக் காட்டுவது பிற்பாடு சாட்சியமாகிவிடும் என்பதால் ஸ்ரீகண்டன் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டான். பொங்கல் என்று சொல்லி, மிளகும் நெய்யும் தூக்கலாகப் போடச் சொன்னான். பூஞ்சண வாடை தெரியக் கூடாதல்லவா? பிறகு தன் கன்னடத்தில் சொன்னான்:

"பெரியவருக்குப் பரகு. எனக்கு இன்னொந்து."

"ஆயித்து சார்" என்றாள் ஜயம்மா.

இரண்டு தட்டுப் பொங்கலும் காலியாயின. சுப்ரமணியன் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மீட்டிங்குக்கு மாடிப்படி ஏறும்போது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி என்றார். ஸ்ரீகண்டன் அக்கறையாகத் தலையசைத்தான்.

"மேடம், இந்தச் சாமை விதை விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்று சுப்ரமணியன் எழுந்தார்.

லேசாக ஆடினார். ஸ்ரீகண்டன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பெரியவர் இன்னும் ஆடினார். அவருக்குப் பின்னால் இருந்த திரையும் ஆடியது. குளோரியா மேடம் நாற்காலியோடு ஆடினார். கடைசியில் சுவரும் ஆடத் தொடங்கியது.

"சார் குடிச்சிருக்கார்" என்று சொல்ல ஸ்ரீகண்டன் எழுந்தான். வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. மேஜையைப் பிடிக்கப் போய்த் தண்ணீர் ஜாடியைப் பிடித்தான். ஜாடியும் அவனும் சேர்ந்து விழுந்தார்கள்.

குளோரியா மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"திங்கட்கிழமை காலையிலேயேவா, ஸ்ரீகண்டன்?" என்றார். பிறகு கரிக் கதிரைக் கையில் வாங்கினார். "இதுக்கு நோய் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது இவர்தானே? எந்த நிலைமையில போட்டிருப்பார்னு இப்பப் புரியுது. நாளையிலிருந்து வர வேண்டாம்."

சுப்ரமணியன்தான் அவனை ஆட்டோவில் ஏற்றி ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்தார். சோஃபாவில் படுக்க வைத்துவிட்டு, போதை தெளிய எலுமிச்சம்பழம் வாங்கி வரக் கடைக்குப் போனார்.

பாத்திரம் தேய்க்க வந்திருந்த ஜயம்மா எட்டிப் பார்த்தாள். "ஏனாயித்து சார்?"

"காலைல... பெரியவருக்கு... என்ன போட்ட?"

"நீங்க சொன்னதே சார். பெரியவருக்குப் பரகு. உங்களுக்கு இன்னொந்து."

"பரகுன்னா எது? எடுத்துட்டு வா."

அவள் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள்.

"இதே சார் பரகு. நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

அவள் கையில் இருந்தது பனிவரகு டப்பா.