வலது கைக்கு மட்டும் இருபத்தைந்து

ஐம்பத்தேழு வயதில் எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனை உடம்பே சுரந்துகொள்ளும், தசை ஏறும், வயது இறங்கும் என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினேன். டப்பா பொய் சொல்லவில்லை. வலது கை மட்டும் இருபத்தைந்து வயதுக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் தொங்கியது தொங்கியபடி இருந்தது. ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்கப்போய் பாட்டிலையே நொறுக்கினேன். மாத்திரை விற்ற கடைக்காரத் தம்பியிடம் போனில் கத்தினேன்; அவன் அசரவில்லை. "சார், இன்னொரு டப்பா போடுங்க, இடது கையும் பிடிச்சுக்கும்."

"அப்புறம் காலு, அப்புறம் தலையா? தவணை முறையில குமரனாகப் போறீங்களாக்கும்" என்றாள் என் மனைவி வசுமதி. ஆனாலும் நான் கடைக்குப் புறப்பட்டபோது கூடவே கிளம்பினாள்.

சாலையைக் கடக்கும்போது என் வலது கையைப் பிடித்துக்கொள்வது கல்யாணமான நாளிலிருந்து அவள் வழக்கம். "பிடிச்சுத்தான் பாரேன், பாறை மாதிரி இருக்கும்" என்றேன். இதற்காகத்தானே இவ்வளவு கூத்தும். தொட்டவள் சட்டென்று விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"யாரோ பையனைப் பிடிச்ச மாதிரி கூச்சமா இருக்குங்க."

என் பின்னால் சுற்றி வந்து, தொளதொளத்த இடது கையை இறுகப் பற்றிக்கொண்டாள். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு விழுந்தது. எதிர்ச்சாரியில் கடைக்காரத் தம்பி புது டப்பாவைத் தூக்கிக் காட்டினான். என் வலது கை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், உயர்ந்து அவனைப் பார்த்து உற்சாகமாக ஆடியது. வசுமதி பிடியை விடவில்லை.