பிழையில்லாத கடிதம்

"இது அறிக்கையா, கதாகாலட்சேபமா? சுருக்கி எழுதுப்பா" என்று திங்கட்கிழமை மேலாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பாதுகாப்பு மேற்பார்வையாளர் சுருக்கினார்.

செவ்வாயன்று, "'உடனே'ங்கிறத எடுத்துடு. மேலிடத்துக்கே உத்தரவு போடுற மாதிரி இருக்கு."

புதன்கிழமை ஒற்றுப்பிழை.

"சார், எழுத்து கிடக்கட்டும். விஷயத்தைப் பாருங்க."

"ஒழுங்கா எழுதத் தெரியாதவன் சொன்னா யாருய்யா நம்புவாங்க?"

வியாழன் காலை சரக்கு லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்தது. அதை இயக்கியவர் அங்கேயே இறந்துபோனார்.

மேலாளர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். "அவரு சம்சாரத்துக்கு என் பேர்ல ஒரு இரங்கல் கடிதம் எழுதிட்டு வா" என்றார். வந்ததைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளர் அதைத் தானே தபாலில் சேர்த்தார்.

"அம்மா, கயிறு நைந்திருப்பது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும். அதைச் சொல்லி என்னிடம் வந்த அறிக்கையில் மூன்று நாளாகப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். என்னை மன்னியுங்கள்."