நான்கு நொடி முன்னால்

டிவியில் நடுவர் குப்புற விழுந்து தரையில் ஒருமுறை தட்டினார்.

அவள் சுவருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தட்டு.

கீழே கிடந்த நரைத்த தாடிக்காரன் தோளைத் தூக்கிவிட்டான். மூன்றாவது தட்டு விழுந்திருந்தால் தோல்வி. எண்ணிக்கை நின்றது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் சத்தம் வரவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்கால். குளித்து, நெற்றிக்கு இட்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்துதான் அவள் மல்யுத்தம் பார்ப்பாள். எழுபத்திரண்டு வயது. இப்படி ஒரு பழக்கம் இருப்பது தெருவில் யாருக்கும் தெரியாது.

ஒரே வீடு. முன்பாதி அவளுக்கு. பின்பாதி தம்பி தாயுமானவனுக்கு. அவன் வாசல் பின்தெருவில்.

நடுவில் இருந்த கதவைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைத்தவள் அவள்தான். தம்பி மகள் உமையாள் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட வாரம் அது. ஒற்றைச் செங்கல் கனம் போதும் என்றார் கொத்தனார். அவளும் போதும் என்றுதான் நினைத்தாள்.

ஒன்பது வருடம் ஆகிறது. ஒற்றைச் செங்கல் எதையும் தடுக்கவில்லை.

எந்திரி, எந்திரி என்று தம்பி கத்துவான். தொடையில் தட்டிக்கொள்வதுகூடக் கேட்கும். அவனுக்குக் கேபிள். இவளுக்கு மொட்டைமாடியில் டிஷ். அவன் வீட்டில் எல்லாம் நான்கு நொடி முன்னால் வந்துவிடும். யார் எழப்போகிறான், யார் விழப்போகிறான் என்பதைத் திரைக்கு முன்பே அவன் தொண்டை சொல்லிவிடும்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டாள். அங்கேதான் காற்று வருகிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பது வருடப் பேச்சு அவ்வளவுதான். அதிலும் அவள் வாய் திறந்ததில்லை.

இது முன்பே பேசிவைத்த ஆட்டம் என்று அவளுக்குத் தெரியும். பேசிவைத்தபடி நடப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. மீறுகிறவர்களைத்தான் பொறுக்க முடியாது.

உமையாளுக்கும் ஒரு மாப்பிள்ளை பேசிவைத்திருந்தது.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் டிவி ஓடவில்லை. ஊருக்குப் போயிருப்பான் என்று விட்டுவிட்டாள். புதன்கிழமை பால்காரர் ஏதோ சொல்ல வந்தார். உங்க தம்பிக்கு, என்பதுவரை சொல்லிவிட்டார். அவள் கையை உயர்த்தினாள். அந்த வீட்டுப் பேச்சு இந்த வாசலில் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். பால்காரர் அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

மூன்று நாளாக அந்த இரண்டு சொற்களோடு சாப்பிட்டாள். அவற்றோடு படுத்தாள்.

இன்று டிவி ஓடுகிறது. ஆள் சத்தம் இல்லை.

தம்பியின் ஆள் அந்த நரைத்த தாடிக்காரன். இன்று தோற்றால் இனி வரமாட்டான் என்று அறிவித்திருந்தார்கள். இதற்குக் கத்தாதவன் வேறு எதற்குக் கத்துவான்?

தம்பியின் மனைவி போய் மூன்று வருடம். தனியாக இருக்கிறவன். அந்தச் சாவுக்கு அவள் போனாள். வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினாள்.

டிவி ஓட ஓட, நாற்காலியிலேயே.

அதற்கு மேல் நினைக்க அவள் மனதை விடவில்லை.

பின்தெருவுக்குச் சுற்றிப் போக எட்டு நிமிடம். எட்டு நிமிடமும் ஊர் பார்க்கும்.

எழுந்தாள். முழங்கால் வலித்தது. செங்கல் அடைத்த இடத்தில் கையை வைத்தாள். சுண்ணாம்பு ஒட்டியது.

"தாயு."

 காதைச் சுவரில் வைத்தாள்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. சுவருக்கு மிக அருகில் ஒரு பெண்குரல்.

"அத்தை."

உமையாள்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது என்றாள். வலது பக்கம் விழுந்துவிட்டது. நேற்று முன்தினம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தார்கள். பேச்சு இன்னும் வரவில்லை.

குற்றம் சொல்லும் குரலாக இல்லை. தூக்கமில்லாத குரல்.

அவள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது நாற்காலிக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் முன்புபோலவே இருக்கும். யாரும் பார்க்கவில்லை.

"அத்தை, இருக்கீங்களா? அப்பா சுவத்தையே காட்டுறாரு. அவருக்குப் பதிலா நீங்க சத்தம் போடணும்னு ஜாடை செய்றாரு."



"எனக்கு இங்க லேட்டாத்தான் வரும்" என்றாள்.

"தெரியும். நான் சொல்றேன். அப்ப கத்துங்க."

யார் சொல்லியும் அவள் எதையும் நம்பியதில்லை. தான் விரும்பிய பையன் நல்லவன் என்று இதே பெண் முன்னால் வந்து நின்று சொன்னபோதும்.

திரையில் எதிராளி நரைத்த தாடிக்காரனைத் தலைக்கு மேல் தூக்கி வீசினான். அவன் மல்லாந்து விழுந்தான். கை கால் அசையவில்லை. நடுவர் இன்னும் குனியக்கூட இல்லை.

"தோளைத் தூக்கிட்டான் அத்தை. இப்ப."

தெரு ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் கோலத்திலிருந்து நிமிர்ந்தாள்.

இங்கே திரையில் தாடிக்காரன் அப்படியே கிடந்தான்.

"எந்திரிச்சிட்டாண்டா, தாயு" என்று அவள் கத்தினாள்.