முகிலுக்குப் போட்ட கதிரை

ஹுன்னஸ்கிரிய மலையிலிருந்து ஒரு முகில் இறங்கி வந்து, விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, தான் எழுதிய கவிதையின் நாற்பத்திரண்டு வரியையும் கேட்டுவிட்டுத்தான் போனதாக முனாப் சத்தியம் பண்ணினார்.

ஓய்வுபெற்ற தபாலதிபர். ஊரார் கடிதத்தில் ஓர் எழுத்தைத் தொடாதவர், சொந்தக் கதை என்றால் ஒன்றைப் பத்தாக்கித்தான் அனுப்புவார்.

திகன சந்திக் கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் மனைவி ஸுலைஹா சிரிக்கவில்லை.

அவள் சிரித்தே மூன்று மாதம்.

நவம்பர் மழையில் எதிர்மலை சரிந்து அவளுடைய தங்கையின் வீட்டை மூடியது. உயிர்கள் தப்பின, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று மலைப்பக்க ஜன்னல்களைச் சாத்தியவள் பிறகு திறக்கவேயில்லை. விறாந்தையில் காலடி வைக்கவுமில்லை.

முகில் இருந்த கதிரை இன்னும் ஈரம், நம்பாவிட்டால் வந்து தொட்டுப் பார் என்றார் முனாப்.

நாற்பது வருஷப் பொய்களைப் பொறுத்தவளுக்கு இதை மட்டும் விட மனமில்லை. வந்தாள். தொட்டாள்.

ஈரம்தான்.

குனிந்து பார்த்தாள். கதிரைக்கு அடியில் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வாளி.

முனாப் மிகுந்த அக்கறையோடு வேலியோரச் செவ்வரத்தைப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸுலைஹா முந்தானையால் கதிரையைத் துடைத்தாள். மலைக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டாள். தானே அதில் உட்கார்ந்தாள்.

“இப்ப படிங்க. வரட்டும் பாப்பம்.”

தப்ப வழியில்லை. படித்தார்.

சரிந்த மலைக்கும் இடுப்பு வலிக்கிறது, தைலம் பூசத்தான் முகில் வருகிறது என்ற இடத்தில், தன் இடுப்பில் கை வைத்தபடி அவள் மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தாள்.

முப்பத்தோராவது வரியில் முனாபின் மூக்குக்கண்ணாடி மங்கியது. வேலியைக் காணவில்லை. செவ்வரத்தையைக் காணவில்லை. படிப்பதை நிறுத்தினார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக, அவருக்குக் கூட்டிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

மீதியையும் படிக்கும்படி வெண்மைக்குள்ளிருந்து ஸுலைஹாவின் கை சைகை காட்டியது.

பகலில் கட்டாரிலிருந்து மகள் நுஸ்ஹா அழைத்தாள். வாப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் ஏதோ முகில் கதை அனுப்பியிருக்கிறாராம், வழக்கம்போலப் புளுகுதானே என்று கேட்டாள்.

ஸுலைஹா மலைப்பக்க ஜன்னலைத் திறந்து, கொக்கியை மாட்டிவிட்டுச் சொன்னாள்:

“வந்திச்சி மகள். கதிரையில இல்ல, என்ட மடியிலதான் இருந்திச்சி.”