பாவாடையோடு சேர்ந்த தையல்

1954 செப்டம்பர், இன்னும் பிரெஞ்சு ஆட்சியிலிருக்கும் காரைக்கால். இந்தியக் கொடி வைத்திருந்ததற்காக இந்தத் தெருவில் நேற்று ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இன்று அதே தெருவில், கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில் ஷரீபுன்னிசா தன் மகள்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். பத்து வயதுக் கமருன்னிசாவின் கையில் தலையணை உறை. ஏழு வயது ஜன்னத்தின் மடியில் கொடி. நாக்கு நுனி வெளியே தெரிய, வெள்ளைத் துணியோடு பச்சையைச் சேர்த்துத் தைக்கிறாள். "நூல இழுக்காதடி, சுருங்கும்" என்கிறாள் உம்மா. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. கமருன்னிசா தலையணை உறையைத் தங்கையின் மடிமேல் போட்டு மூடுகிறாள். சோதனைக்கு வந்த சிப்பாய் உள்ளே எட்டிப் பார்க்கிறார். "எல்லாரும் எந்திரிச்சு ஓரமா நில்லுங்கம்மா." இருவர் எழுகிறார்கள். ஜன்னத் மடியில் இருப்பதைக் கீழே தள்ளப் பார்க்கிறாள், அது நகரவில்லை. "ஒனக்குத் தனியா சொல்லணுமா, பாப்பா?" ஜன்னத்தின் உதடு நடுங்குகிறது. "எந்திரிக்க முடியல. பாவாடையோட சேத்துத் தச்சுட்டேன்." சிப்பாய் சிரித்துவிடுகிறார். "எம் மவளும் இப்படித்தான். நல்லா தச்சே போ! உக்காரு, உக்காரு." அவர் துணிப்பெட்டியைக் கிளறுகிறார், அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவுகிறார். உறைக்குக் கீழே விரல்கடை அளவு பச்சை தெரிகிறது. ஷரீபுன்னிசா அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி நிற்கிறாள். பூட்ஸ் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

ஷரீபுன்னிசா தையலைப் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. கத்திரிக்கோலை எடுத்து, கொடியை விட்டுவிட்டுப் பாவாடையை வெட்டுகிறாள்.